கிறீச்சிடும் சக்கரம்

"இந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் போடணும்," என்றார் அப்பா. "அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பா போட்டுடறேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க," என்றாள் வாலு.

"போன வாரம் சொன்னது இந்த வாரத்துக்கு. இப்ப சொல்றது அடுத்த வாரத்துக்கு. ரெண்டும் ஒண்ணா?"

சிரித்துக்கொண்டே அவர் சக்கரத்தைப் புல்லில் சாய்த்து வைத்தார். வாலு அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். மெத்தை வைத்த மரவளையமும், அதன் அடியில் ஒரு சின்னச் சக்கரமும் சேர்ந்தது அது. குழந்தையாக இருந்தபோது வாலுவை வைத்துத் தள்ளிய வண்டியின் சக்கரம்தான். அப்பாவே செய்தது. வாலு அதை 'என் ஸ்டூல்' என்பாள்.

வாலுவின் அம்மா விமானப் பொறியாளர். வாரம் முழுவதும் ஆபீஸில் இறக்கைகளை வடிவமைப்பார். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கிளைடர் ஓட்டுவார். கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. இன்னொரு சின்ன விமானம் அதைக் கயிறு கட்டி மேலே இழுத்துப் போய் விட்டுவிடும். அதற்குப் பிறகு காற்றுதான் துணை.

அப்பா பல் டாக்டர். பல்பு மாற்ற நாற்காலியில் ஏறினாலே அவருக்குத் தலை சுற்றும். "மேகத்துக்குப் பல் வலி வராது. எனக்கு அங்க என்ன வேலை?" என்பார். அவர் வேலை எல்லாம் தரையில்தான். கிளைடரைத் தள்ளிக்கொண்டு போக அதன் வாலில் இந்தச் சக்கரத்தை மாட்டுவார். பறப்பதற்கு முன் மறக்காமல் கழற்றுவார்.

ஏன் கழற்ற வேண்டும் என்று அம்மா ஒருமுறை சாப்பாட்டு மேசையில் காட்டினார். ஒரு ஸ்கேலை விரல் மேல் ஆடாமல் நிறுத்தினார். அதன் ஓரத்தில் ஒரு ரப்பரை வைத்தார். ஸ்கேல் சரிந்து அப்பாவின் தட்டில் விழுந்தது.

"பார்த்தியா? வால் பக்கம் எடை கூடினா மூக்கு மேல தூக்கிடும். அப்புறம் நான் என்ன பண்ணினாலும் கிளைடர் கேக்காது."

"உங்க பாடம் முடிஞ்சுதுன்னா நான் சாப்பிடலாமா?" என்றார் அப்பா.

அதனால்தான் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கழற்றிய சக்கரத்தில் வாலு உட்கார வேண்டும். அவள் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் அம்மா கட்டைவிரலை உயர்த்துவார். கிளைடர் இறங்கியதும் அப்பா, "எழுந்திருடி, வாலு. சக்கரம் வேணும்," என்பார்.

அப்பா சொன்ன அந்த அடுத்த ஞாயிறு அவருக்கு வரவில்லை. வாரத்தின் நடுவே, ஒருவருக்குப் பல் பிடுங்கிவிட்டுக் கை கழுவப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

பிறகு வெகுநாள் அம்மா மைதானத்துப் பக்கமே போகவில்லை. ஒருநாள் காலையில், "இந்த ஞாயிறு போகலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். வாலு தலையாட்டினாள். உள்ளே பயம்தான். இருப்பது அம்மா ஒருவர்தானே.

மைதானத்தில் ஒரு சட்டம் உண்டு. "நிறுத்து!" என்று யார் கத்தினாலும், சின்னப் பிள்ளையே கத்தினாலும், எல்லாம் நின்றுவிட வேண்டும். கத்தியவரைத் திட்டக் கூடாது.

அந்த ஞாயிறு, கயிறு இறுகியதுமே வாலு கத்திவிட்டாள். இழுவை விமானம் ஓட்டும் மீசைக்காரர் எஞ்சினை அணைத்தார். எல்லோரும் கிளைடரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். எந்தக் குறையும் இல்லை.

"என்னம்மா பார்த்தே?" என்று கேட்டார் மீசைக்காரர்.

"ஒண்ணும் பார்க்கலை. பயமா இருந்துச்சு."

யாரும் திட்டவில்லை. அம்மா அன்று பறக்கவில்லை. திரும்பும்போது காரில் சொன்னார்: "பயம் வந்தா என் கையைப் பிடிச்சுக்கோ. ஆனா அந்த வார்த்தையை நிஜமாவே ஏதாவது பார்த்தா மட்டும் சொல்லு. சரியா?"

"சரி."

மறு ஞாயிறு வந்தது. அம்மா வால் பக்கம் போய்க் குனியும் நேரத்தில், "அக்கா, ரேடியோ பேச மாட்டேங்குது!" என்று முன்னாலிருந்து கூப்பிட்டான் நெட்டையன். இறக்கை நுனியைப் பிடித்து ஓடுவது அவன் வேலை. அம்மா முன்னால் ஓடினார். ரேடியோ சரியானது. அவசரத்தில் வேலிப் பக்கம் பார்க்காமலே அம்மா ஏறி உட்கார்ந்து கண்ணாடி மூடியைச் சாத்தினார்.

வாலு வேலியோரமாக நின்றாள். தன்னை மீறிக் கத்திவிடக் கூடாது என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மீசைக்காரரின் விமானம் உறுமியது. உட்கார்ந்தால் தேவலை என்று இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். ஸ்டூல் இல்லை.

கார் பக்கம் பார்த்தாள். மர நிழலில் பார்த்தாள். எங்கேயும் இல்லை. கிளைடரின் வாலைப் பார்த்தாள். மழைக்கு வளர்ந்த புல் அதை மறைத்திருந்தது.

கயிறு புல்லிலிருந்து மெல்ல எழுந்தது.

ஒருவேளை வேறு எங்காவது வைத்திருப்பார்களோ? இன்றைக்கும் சும்மா கத்தினால் எல்லோரும் என்ன நினைப்பார்கள்? அம்மா இனி பறக்கவே மாட்டாரோ? போன வாரம் அவள் எதையும் பார்க்கவில்லை. இன்றைக்குப் பார்த்திருக்கிறாள். சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புல்.

கையை எடுத்தாள். "நிறுத்து! நிறுத்து!"

"இன்னைக்கும் ஆரம்பிச்சுட்டாளா," என்று முணுமுணுத்தான் நெட்டையன். ஆனாலும் சட்டம் சட்டம்தான். இறக்கையைச் சட்டென்று தரையில் இறக்கினான். எஞ்சின் அடங்கியது.

அம்மா மூடியைத் திறந்தார். "வாலு, பயமா இருக்கா?"

"பயமாத்தான் இருக்கு. ஆனா அதுக்காகக் கத்தலை." அவளுக்கு மூச்சு வாங்கியது. "என் ஸ்டூல் எங்க?"

"ஸ்டூலா?" என்றான் நெட்டையன்.

அம்மா பெல்ட்டை அவிழ்த்தார். இறங்கி வால் பக்கம் நடந்தார். புல்லை விலக்கினார். சக்கரம் மாட்டியபடியே இருந்தது.

"நீங்க கழட்டிட்டீங்கன்னு நினைச்சேன்கா..." என்றான் நெட்டையன். மீசைக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அம்மா வாலின் மேல் கை வைத்தார். "உங்க அப்பா கழட்டியிருப்பார்னே இருந்துட்டேன்," என்றார். வாலு ஓடிப் போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு இருவரும் சேர்ந்து சக்கரத்தைக் கழற்றினார்கள். வேலியோரம் வரை வாலுவே அதை உருட்டிக்கொண்டு போனாள். கிறீச், கிறீச்.

"வீல் ரொம்பக் கத்துதே. எண்ணெய் போட்டுடட்டுமா?" என்று கேட்டான் நெட்டையன். ஏதாவது உதவி செய்தால்தான் அவன் மனசு ஆறும் போலிருந்தது.

"வேணாம்!" என்றார்கள் அம்மாவும் வாலுவும் ஒரே நேரத்தில்.

வாலு அதில் உட்கார்ந்தாள். அம்மா அவளையே பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். கிளைடர் மேலே போய்ச் சிறு வெள்ளைக் கோடாகிச் சுற்றியது. அது சுற்றிய நேரமெல்லாம் வாலு வளையத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். பயம் போகவில்லை. ஆனால் அம்மா இறங்கிவிட்டார்.

"எழுந்திருடி, வாலு. சக்கரம் வேணும்," என்றார், அப்பா சொல்வதைப் போலவே.

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறுகள். அம்மா புது இறக்கைகள் வடிவமைத்தார். மீசைக்காரருக்கு மீசை நரைத்தது. வாலு ஸ்டூலுக்குப் பெரியவளாகி, கால்களை மடித்து உட்கார வேண்டியதாயிற்று. உருட்டும்போது சக்கரம் மட்டும் இன்னும் கிறீச்சென்றுதான் கத்துகிறது.