தும்பை பழுத்தபோது

காலையில் எழுந்ததும் முகிலா பால்கனிச் செடிகளின் இலைகளை ஈரத்துணியால் துடைப்பாள். எல்லாம் நிலைச்செடிகள். அவள் பிறக்குமுன் நட்டவை. இன்றும் அதே உயரம், அதே பூ. விதை வைப்பதில்லை, சாவதுமில்லை. ஊர் முழுக்க அப்படித்தான். ஓர் இலை பழுத்தால் அது நோய். செடியைப் பிடுங்கி அரவைப்பெட்டியில் போட்டுவிட வேண்டும். மாலை வகுப்பில் தோட்டக்கலை என்று சொல்லிக்கொடுத்ததே அவ்வளவுதான்.

ஒரு தொட்டியில் மட்டும் தும்பை. எதிர்வீட்டு எஸ்தர், கடலில் மூழ்கிய தீவு ஒன்றில் பிறந்தவள். அங்கிருந்து கொண்டுவந்து குளிர்பேழையில் காத்த ஐந்து விதைகளை, கடல்மேடை வேலைக்குப் போகும்போது முகிலாவிடம் கொடுத்தாள்.

"இதுதான்டி மிச்சம். உலகத்துல வேற எங்கயும் கிடையாது. நீதான் எதையும் ஒழுங்காச் செய்வ."

அந்த நம்பிக்கைக்குத் தான் தகுமா என்ற பயத்திலேயே முகிலா தண்ணீரை அளந்து அளந்து ஊற்றினாள். ஒன்றுதான் முளைத்தது. பூத்தது. பூத்திருக்கும்போதே அடியிலிருந்து பழுத்துக்கொண்டே வந்தது. மருந்து தெளித்தாள், நிழலுக்கு மாற்றினாள், இலை இலையாகப் புரட்டிப் பார்த்தாள். பழுப்பு நிற்கவில்லை. மற்றவற்றுக்கும் தொற்றிவிடுமே என்று கடைசியில் பிடுங்கி அரைத்துவிட்டாள்.

ஊர் திரும்பிய எஸ்தர் பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்றாள். "என்னடி இப்படி இளைச்சுட்ட? என் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு நீ பட்டினி கிடந்தியா?"

"அது செத்துப்போச்சுக்கா. பூ உதிர்ந்து, உருண்டை உருண்டையாக் காஞ்சுபோச்சு. நோய்னு பிடுங்கிட்டேன்."

"அரைச்சுட்டியா?"

முகிலா தலையசைத்தாள்.

எஸ்தர் மெல்லப் பையை இறக்கினாள். "அந்த உருண்டைக்குள்ளதான்டி விதை இருக்கும். அது ஒரு வருசச் செடி. வேலைய முடிச்சுட்டுக் காஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

"நீங்க சொல்லவே இல்லையேக்கா."

"இதையும் சொல்லணுமான்னு இருந்துட்டேன். என் தப்புதான்."

இருவரும் பால்கனிக்குப் போய் வெற்றுத் தொட்டியருகே உட்கார்ந்தார்கள்.

"தீவை விட்டு வந்தப்ப எனக்கு ஆறு வயசு. அம்மாகூடச் சேர்ந்து விதை உதிர்த்தது ஞாபகம் இருக்கு. பூதான் மறந்துபோச்சு. நீ பாத்தியே, எப்படி இருந்துச்சு?"

"வெள்ளையா இருந்துச்சுக்கா" என்றாள் முகிலா. அதற்குமேல் எதுவும் வரவில்லை. பூத்திருந்த நாளெல்லாம் அவள் கண் பழுத்த இலைகள்மீதே இருந்தது.

"ம், வெள்ளையா..." என்று எஸ்தர் காத்திருந்தாள்.