முப்பத்தொன்றாவது பெயர்

டெலிபோன் அலறியது.

ஹே-வோன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். காலை ஏழு இருபது. ஒலிபரப்பு ஆரம்பிக்க இன்னும் நாற்பது நிமிடம். இந்த நேரத்தில் மோக்போ துறைமுகத்தின் அந்தச் சின்ன வானொலி நிலையத்துக்குப் போன் செய்கிறவர்கள் இரண்டு ரகம்தான். பாட்டுக் கேட்கிறவர்கள். நேற்றுப் போட்ட பாட்டைத் திட்டுகிறவர்கள்.

இது மூன்றாவது ரகம்.

"இன்னிக்கு நவம்பர் ஆறு..." ஆண் குரல். வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவதுபோல அமுங்கியிருந்தது. "'இந்த நாளில்' நிகழ்ச்சிக்கு எழுதறது நீங்கதானே?"

"ஆமா. நீங்க யாரு?"

"வெண்கொக்கு கப்பல் மூழ்கி இன்னியோட இருபத்தஞ்சு வருஷம். முப்பத்தோரு பேர் செத்தாங்கன்னு எழுதி வச்சிருப்பீங்க."

அந்த வரி அவளுடைய பேனா முனைக்குக் கீழேயே இருந்தது.

"அதை முப்பதுன்னு மாத்துங்க."

"சார்... அரசாங்கக் கணக்கே முப்பத்தொண்ணுதான்."

"செத்ததா எழுதின ஒருத்தன் சாகலை. இன்னிக்கும் உங்க ரேடியோ முப்பத்தொண்ணுன்னு சொல்லிச்சுன்னா, ஒன்பது மணிக்குள்ள அந்தக் கணக்கு சரியாயிடும்."

க்ளிக்!

ஹே-வோன் ரிசீவரை வைத்தாள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பதினோரு வருடமாகத் தேதிகளோடு குடித்தனம் நடத்துகிறவள். எந்தத் தேதியில் எந்த யுத்தம் நின்றது, எந்தப் பாடகி பிறந்தாள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். கணவனின் பிறந்த நாளை மட்டும் இரண்டு தடவை மறந்திருக்கிறாள்.

நவம்பர் ஆறு அட்டைகளை மேஜையில் பரப்பினாள். 1814, சாக்ஸபோனைக் கண்டுபிடித்த சாக்ஸ் பிறந்தார். 1860, அமெரிக்காவில் லிங்கன் அதிபராகத் தேர்வானார். 1971, வெண்கொக்கு மூழ்கியது.

கப்பல் அட்டையின் பின்னால் பழைய பத்திரிகைத் துண்டு ஒட்டியிருந்தது. இறந்தவர்கள் பட்டியல். விரலை வைத்துக்கொண்டே போனாள். கடைசிப் பெயரில் விரல் நின்றது.

பிங் கி-தால். வயது இருபத்தைந்து. கப்பலின் இரண்டாம் அதிகாரி. உடல் கிடைக்கவில்லை.

முப்பது பேருக்கு உடல் கிடைத்திருந்தது. அதில் பதினெட்டு பேர் கீழ்த்தளத்தில், வெளிப்பக்கமாகப் பூட்டிய இரும்புக் கதவுக்குப் பின்னால் செத்துக் கிடந்தார்கள். பூட்டியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை என்று முடித்திருந்தார் நிருபர்.

மேஜையில் இன்னும் ஒரு அட்டை பாக்கி இருந்தது.

மா தோக்-சூ. அக்கார்டியன் கலைஞர். பிறந்த தேதி நவம்பர் 6, 1947. முதல் இசைத்தட்டு 1973. அதற்கு முன்னால் அவரைப் பற்றி ஒரு வரி கிடையாது.

இன்றைய பிறந்தநாள் விருந்தாளியே அவர்தான்! அவருடைய அக்காவிடம் பேசி அவரை வரச் சொல்லியிருந்தாள் ஹே-வோன்.

கப்பல் மூழ்கிய தேதியும் மனிதர் பிறந்த தேதியும் ஒன்று. வயதும் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. தான் செத்த நாளையே பிறந்த நாளாக வைத்துக்கொண்டு ஒரு ஆள் புதிதாக வாழ ஆரம்பித்திருந்தால்?

அவள் போலீசுக்குச் சுழற்றினாள்.

துறைமுக ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர் பியோ நடந்தே வந்துவிட்டார். ஐம்பது வயது, தூங்காத கண்கள், கையில் குச்சியில் செருகிய, பாதி தின்ற மீன் பலகாரம். அவள் சொன்னதையெல்லாம் மென்றபடியே கேட்டார்.

"அப்ப அந்த அக்கார்டியன்காரர்தான் செத்துப் பிழைச்சவர்ங்கறே. அவரைப் போடறதுக்கு ஒருத்தன் சுத்தறான். சரி தங்கச்சி, அவரை எங்க வச்சுக் காப்பாத்தறது?"

"ஸ்டூடியோல. ஒரே கதவு. சத்தமே போகாத கனத்த கதவு. அறிவிப்பாளர் தாக் சாரைத் தவிர உள்ள யாரும் இருக்க மாட்டாங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் இருப்பேன்."

"இதைவிட நல்ல லாக்கப் எங்க ஸ்டேஷன்லயே இல்ல," என்றார் பியோ.

தாக் இன்-சூ ஏழே முக்காலுக்கு வந்தார். கிழக்குக் கரையில் காங்நங் நிலையத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. வழுவழுப்பான குரல். அதைக் கேட்டுவிட்டு ஊரில் பாதிப் பெண்கள் கடிதம் எழுத ஆரம்பித்திருந்தார்கள். ஹே-வோன் போன் விஷயத்தைச் சொன்னபோது அவர் இயந்திரக் காப்பியை ஊதிக்கொண்டிருந்தார். ஊதுவது நின்றது.

"யாரோ பைத்தியக்காரன்," என்றார். "அரசாங்கக் கணக்கை மாத்தறதுக்கு நீயும் நானும் யாரும்மா? எழுதியிருக்கறதைப் படிப்பேன்."

"முப்பத்தொண்ணுன்னா?"

"முப்பத்தொண்ணுன்னுதான்."

காப்பியைக் குடிக்காமலே குப்பைத் தொட்டியில் போட்டார்.

மா தோக்-சூ ஐந்து நிமிடம் கழித்து வந்தார். ஒல்லியான மனிதர், கறுப்புக் கண்ணாடி. ஒரு தோளில் அக்கார்டியன் பெட்டி, ஒரு கையில் வெள்ளைக் கோல். பார்வை இல்லாதவர் என்பது ஹே-வோனுக்குத் தெரியும். எப்போது போனது என்பதுதான் அட்டையில் இல்லை. கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், தாக்குக்கு எதிர் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"பத்திரமா இருங்க. இங்க உங்களை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது," என்று காதருகே சொன்னாள்.

"ரொம்ப நல்லது," என்றார் அவர். "கதவு எந்தப் பக்கம்மா இருக்கு?"

அவள் சொன்னாள்.

எட்டு மணி. சிவப்பு விளக்கு எரிந்தது. முகப்பு இசை, வானிலை, ஒரு பாட்டு. பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது தோக்-சூ எழுந்து, சுவரைத் தடவிப் போய், கதவின் உள்தாழ்ப்பாளைத் திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். பயந்திருக்கிறார் பாவம் என்று நினைத்துக்கொண்டாள் ஹே-வோன்.

எட்டுப் பத்து. தாக் அன்றைய தாளை எடுத்தார்.

"நவம்பர் ஆறு. இந்த நாளில்... 1814-ஆம் ஆண்டு, சாக்ஸபோனை உலகுக்குத் தந்த சாக்ஸ், பெல்ஜியத்தின் டினான் நகரில் பிறந்தார்..."

குரல் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது.

ஹே-வோனின் அறைக் கதவு திறந்தது. பியோ! குச்சியைக் காணோம். முகம் மாறியிருந்தது.

ஸ்டேஷனில் பழைய கோப்பைப் பார்க்கச் சொல்லியிருந்தாராம், இப்போதுதான் பதில் வந்ததாம். பிழைத்தவர்கள் பட்டியலிலேயே மா தோக்-சூவின் பெயர் இருக்கிறது. கப்பலில் பயணிகளுக்காக அக்கார்டியன் வாசித்தவர். எரிந்த எண்ணெயில் கண் போனது. கூட வந்த தம்பி கீழ்த்தளத்தில் செத்தான்.

"அப்ப... அவர் பிங் கி-தால் இல்லையா?"

"இல்ல. இன்னொண்ணு கேளு. வாசல்ல இருக்கற பொதுத் தொலைபேசியில, ஏழு இருபதுக்கு ஒரு ஆள் வாயில கைக்குட்டையை வச்சுப் பேசினதை உங்க காவலாளி பார்த்திருக்கார். கறுப்புக் கண்ணாடி. தோள்ல அக்கார்டியன் பெட்டி."

ஹே-வோன் சட்டென்று திரும்பினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். தோக்-சூவின் வலது கை பெட்டிக்குள் இருந்தது. மெதுவாக வெளியே வந்தது. மேஜை விளக்கில் நீளமாக ஏதோ பளிச்சிட்டது.

கொல்ல வந்தவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைத்திருக்கிறாள். அப்படியானால் சாகவேண்டியவர்...?

அறையில் இருந்தது இரண்டே பேர்.

பியோ பாய்ந்து ஸ்டூடியோக் கதவைத் தள்ளினார். அசையவில்லை. தோளால் மோதினார். சத்தம் போகாத அந்தக் கதவு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

"1971..." தாக் படித்துக்கொண்டிருந்தார். "தீவுகளை நோக்கிப் புறப்பட்ட வெண்கொக்கு பயணிகள் கப்பல் கடலில் மூழ்கியது. அதில் இறந்தவர்கள் முப்பத்..."

நின்றது.

அவருடைய கண்கள் எதிரே பளபளத்த அந்தப் பொருளின் மேல் இருந்தன.

ஒரு விநாடி. இரண்டு. மூன்று... மோக்போ முழுக்க ரேடியோக்கள் ஊமையாயின.

தாக் ஓசைப்படாமல் எழுந்தார். காலணியைக் கழற்றினார். நுனிக்காலில் நகர்ந்து, மூலைச் சுவரில் முதுகை ஒட்டி, வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பார்வையில்லாதவனுக்குக் குரல்தான் வழி. குரல் இல்லாவிட்டால் அவர் எங்கேயும் இல்லை.

தோக்-சூ தலையைச் சாய்த்துக் கேட்டார். எழுந்தார்.

"ஏன் மூச்சை அடக்கறே, கி-தால்?"

சன்னமான குரல். மைக் அதை ஊருக்கே கொண்டுபோனது.

ஹே-வோனின் விரல் ஒலி நிறுத்தும் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தி ஒரு பாட்டைப் போட்டுவிடலாம். விதிப்படி அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் அழுத்திவிட்டால் உள்ளே நடப்பதைக் கேட்க ஒரு காது இருக்காது. பதினெட்டு பேர் அப்படித்தான் செத்தார்கள், யாருக்கும் கேட்காமல்.

விரலை எடுத்தாள். பக்கத்துப் பொத்தானை அழுத்தினாள். ஸ்டூடியோவுக்குள் அவளுடைய குரல் ஒலித்தது.

"தாக் சார். ஒலிபரப்பு போயிட்டுதான் இருக்கு. எத்தனை பேர்னு சொல்லுங்க."

தாக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். தோக்-சூ ஒரு அடி எடுத்து வைத்தார். சரியாக அந்த மூலையைப் பார்த்து.

"சொல்லிடுங்க சார்!"

வாயைப் பொத்தியிருந்த கை கீழே இறங்கியது.

"முப்பது..." வெண்ணெய்க் குரல் இல்லை அது. கரகரத்தது. "முப்பது பேர். முப்பத்தொண்ணாவது ஆள் நான்தான். படகு ஒண்ணே ஒண்ணுதான் இருந்தது. கீழ இருக்கறவங்க எல்லாம் மேல வந்தா அது கவுந்துடும்னு... நான்தான் பூட்டினேன். தட்டினாங்க. ரொம்ப நேரம் தட்டினாங்க."

சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

தோக்-சூ அவரைத் தாண்டி நடந்தார். கதவைத் தடவினார். தாழ்ப்பாளைத் திருப்பினார். உள்ளே பாய்ந்த பியோ அவருடைய கையைப் பிடித்து முறுக்க, அதிலிருந்தது தரையில் விழுந்து கிணுகிணுத்தது.

கரண்டி. நீளக் காம்புள்ள எவர்சில்வர் சாப்பாட்டுக் கரண்டி.

"அக்கா பிறந்தநாளுக்குக் கடற்பாசி சூப் கொடுத்து அனுப்பிச்சா," என்றார் தோக்-சூ கையைத் தேய்த்தபடி. "பெட்டியில ஃபிளாஸ்க் இருக்கு. ஆறிடப் போகுது."

ஹே-வோன் ஒரு நீளமான இசைத்தட்டை ஓடவிட்டுவிட்டு வெளியே வந்தாள். வராந்தா பெஞ்சில் தோக்-சூவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுக் குரலை வச்சே கண்டுபிடிச்சிட்டீங்களே, அண்ணா."

தோக்-சூ சிரித்தார்.

"யாரு கண்டுபிடிச்சா? அன்னிக்குக் கப்பல் ஒலிபெருக்கியில, 'நம்ம அக்கார்டியன்காரருக்கு இன்னிக்குப் பிறந்த நாள்'னு அவன்தான் அறிவிச்சான். கடல் வேலையை விட்டுட்டு ரேடியோல சேரப் போறேன்னு சொல்லிட்டே இருப்பான். உடம்பு கிடைக்கலைன்னதும் எனக்குச் சந்தேகம். கதவைப் பூட்டினவனும் அவனாத்தான் இருக்கணும்னு ஒரு நினைப்பு. அதனால ரேடியோக்காரங்க மேலயே ஒரு காது. ஆனா குரல் நிச்சயமாத் தெரிஞ்சதான்னா... இல்லம்மா. முன்னாடி குன்சான் ரேடியோல ஒருத்தர், யோசூ ரேடியோல ஒருத்தர், ரெண்டு பேர்கிட்டயும் இதே மாதிரி போன் பண்ணிட்டு எதிர்ல போய் உக்காந்திருக்கேன். ரெண்டு பேரும் அசராம முப்பத்தொண்ணுன்னு படிச்சாங்க. நானும் என் பாட்டை வாசிச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

ஹே-வோன் ஸ்டூடியோக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவரும் படிச்சிருந்தா?"

"பிறந்தநாள் பாட்டு வாசிச்சிட்டு சூப்பைக் குடிச்சிருப்பேன். நிரபராதி எதுக்கும்மா செருப்பைக் கழட்டணும்?"

தாக் இன்-சூ என்று இத்தனை வருடம் வாழ்ந்த பிங் கி-தாலின் கையில் விலங்கை மாட்டி அழைத்து வந்தார் பியோ. சாவுகளுக்குக் கேஸ் போடும் கெடு எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் பொய்ப் பெயரில் அடையாள அட்டையைப் போன வருடம்கூடப் புதுப்பித்திருக்கிறார், உள்ளே தள்ள இப்போதைக்கு அது போதும் என்று சொன்னார்.

வாசலில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. ரேடியோவைக் கேட்டுவிட்டு ஓடிவந்த மீன்கடைப் பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். முப்பது வீடுகளில் சில வீடுகள் அந்தத் தெருவிலேயே இருந்தன. கி-தால் அவர்களைப் பார்த்ததும் பின்வாசல் பக்கம் திரும்பினார்.

பியோ விலங்கை இழுத்துப் பிடித்தார்.

"ஓட மட்டும் ஓடிடாதீங்க சார். நீங்க செத்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு... காவல்ல இருந்து பேய் தப்பிச்சிடுச்சுன்னு நான் ரிப்போர்ட் எழுத முடியாது!"