பத்தாத சோறு

அன்றைக்குக் கடையில் ஒரு ஈகூட இல்லை. பௌர்ணமி சாயங்காலம். அடி அண்ணாமலை வழியாகக் கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டே இருக்கிறது, கழுவாத டீ கிளாஸ்கள் பலகை நிறையக் கிடக்கின்றன, சர்க்கரை டப்பா திறந்தே இருக்கிறது. ஆனாலும் ஒன்றுகூட வந்து மொய்க்கவில்லை. எழிலரசிக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அத்தனை ஈயும் எங்கே போயிற்று என்று நினைத்ததும் அந்த நிம்மதி போய்விட்டது.

எங்கே என்று அவளுக்குத் தெரியும். கடைக்குப் பின்னால் சிமென்ட் ஷீட் போட்ட அறை, அதில் மாமியார் மணியம்மாள். சர்க்கரை வியாதிக்காரி. குதிகால் புண் ஆறாமல் போனபோது கோயில் விபூதியையும் மஞ்சளையும் குழைத்து அப்பி, பழைய புடவைத் துணியால் இறுகக் கட்டிவிட்டவள் எழிலரசிதான். ஆஸ்பத்திரிக்குப் போனால் கடையை மூட வேண்டும். புருஷனோ பெங்களூரில் கட்டட வேலையில். பௌர்ணமி முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். போன பௌர்ணமிக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டாள், வெட்கக்கேடு. வாடை ஜாஸ்தியானதும் உள்ளே போவதையே விட்டுவிட்டாள். தகரக் கதவின் அடிச் சந்து வழியாகச் சோற்றுத் தட்டைத் தள்ளுவாள். வழித்துத் துடைத்த தட்டு அதே சந்து வழியாகத் திரும்பி வரும். கிழவி நன்றாகத்தானே சாப்பிடுகிறாள் என்று மனசைத் தேற்றிக்கொள்வாள்.

கொதிக்கிற டீத்தூள் மணத்தை மீறி அந்த வாடை இப்போது கடைக்கே வந்துவிட்டது. பெஞ்சில் இருந்த ஒரு பெண் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

“இன்னாக்கா, ஏதோ செத்த வாடை அடிக்குது?”

“எலிங்க. எங்கியோ செத்துக் கெடக்குது.”

சொன்ன நாக்கு கூசியது. போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனாள்.

ஜன்னல் வலை கறுப்பாக இருந்தது. கிட்டே போனதும் அந்தக் கறுப்பு எழுந்து பறந்தது. உள்ளே ஒரு சத்தம், ஊறவைத்த அரிசியை விரலால் அளைவதுபோல், மெதுவாக, விடாமல்.

“அத்தை?”

சத்தம் மட்டும்.

கதவைத் தள்ளினாள். வாசலோரப் பாயில் மணியம்மாள் உட்கார்ந்திருந்தாள். எலும்பும் தோலும். கட்டு அவிழ்ந்து கிடந்தது. மடியில் தட்டு. மத்தியானச் சோறு. அதைச் சின்ன உருண்டையாகப் பிடித்து, குனிந்து, தன் காலுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

காலில் வெள்ளையாக இருந்ததெல்லாம் சோறு என்றுதான் எழிலரசி நினைத்தாள்.

அது நகர்ந்தது.

விபூதிக்குள். விரலிடுக்கில். கணுக்காலுக்கு மேலும்.

“ராவெல்லாம் என்கூடவே கெடக்குதுங்க,” என்றாள் மணியம்மாள். “நீதான் வர்றதில்ல.”

கத்த வாயெடுத்தாள். கத்தினால் ஆள் வரும். வந்தால் பார்ப்பார்கள். அந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் தோன்றியது. பின்வாங்கிக் கதவை இழுத்துச் சாத்தினாள். திரும்பினால், அந்தப் பெண் நிற்கிறாள்.

“எலி கெடைச்சிதாக்கா?”

எழிலரசி கதவில் முதுகை அழுத்தி நின்றாள்.

சிமென்டில் தட்டு உராய்ந்தது. சந்து வழியாக வந்து அவள் குதிகாலில் இடித்தது.

“எழிலு, இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா. புள்ளைங்களுக்குப் பத்தல.”

அந்தப் பெண் கீழே பார்த்தாள். எழிலரசியும் பார்த்தாள். துடைத்த தட்டின் விளிம்பில் ஒரே ஒரு பருக்கை. அது மெதுவாகத் தரையில் இறங்கி, எழிலரசியின் வெறுங்காலை நோக்கி ஊர்ந்தது.