பச்சை அட்டை

புதுப்பனியின் மேல் சக்கரத் தடம் இருந்தது.

இருக்கக்கூடாத தடம். கார் பந்தயத்தின் இந்தக் கடைசிச் சுற்றில் முதலில் கிளம்பிய வண்டி அவர்களுடையது. அடுத்த வண்டியை ஒரு நிமிடம் கழித்துத்தான் விடுவார்கள். பிற்பகலிலேயே கவிந்துவிட்ட ஃபின்லாந்துக் காட்டிருட்டில், விளக்கு வெளிச்சம் விழுந்த இடத்தையெல்லாம் ஓட்டுநர் பக்கத்து இருக்கையிலிருந்து துயிரே உற்றுப் பார்த்தாள். ஒல்லியான டயர், வழுக்காமலிருக்க அதில் பதித்த ஆணிகள் குத்திய புள்ளிகள். அவர்கள் ஓட்டிவரும் அப்பாவின் பழைய பச்சை சாப் கார் பதிக்கும் அதே தடம்.

"முன்னாடி யாரோ போயிருக்காங்கடா."

"ரோடு பாக்கிறவங்களா இருக்கும். நீ வழியச் சொல்லுக்கா, தடத்த ஆராயாத." ஓட்டிக்கொண்டிருந்த தம்பி இல்போவின் தொப்பிக் குஞ்சம் கூரையில் உரசிக்கொண்டே இருந்தது.

"அவங்க டயரு இவ்வளவு ஒல்லியாவா இருக்கும்?"

"பனியில எல்லாம் ஒல்லியாத்தான் தெரியும். நீயும்தான்."

அவள் சிரித்துவைத்தாள். போன இரண்டு வருடமும் பாதி வழியில் நின்றுபோனவன் தம்பி. இந்த முறை முதலிடத்தில் இருக்கிறான். அவன் கையாலேயே இழுத்து முடுக்கிய நான்கு பட்டைகள் அவளை இருக்கையோடு சேர்த்துக் கட்டியிருந்தன. மூச்சைக்கூட அளந்துதான் விடவேண்டும். இருபுறமும் பனிச்சுவர், அதற்கு மேல் மரம், மரத்துக்கு மேல் ஒன்றுமில்லை. சூடு வரும் துளை வழியாக எண்ணெய் எரிந்த தித்திப்பான புகை வந்தது. இவர்கள் வண்டியின் புகை பின்னால்தான் போகும். இது முன்னாலிருந்து வந்தது.

வளைவுக்கு அப்பால், இடது ஓரத்தில், முனை முறிந்த மரத்தில் ஒரு வண்டி மோதிக் கிடந்தது. கதவுக் கைப்பிடி வரை பனி ஏறி, நிறமே தெரியவில்லை. பக்கத்தில் ஒருவன் நின்று ஓர் அட்டையை உயர்த்திப் பிடித்திருந்தான்.

பச்சை.

ஒருபுறம் பச்சை, மறுபுறம் சிவப்பு என்று எல்லா வண்டியிலும் ஓர் அட்டை இருக்கும். வழியில் மாட்டிக்கொண்டவர் பச்சையைக் காட்டினால், ஒன்றுமில்லை, போகலாம் என்று பொருள். சிவப்பைக் காட்டினாலோ எதையும் காட்டாவிட்டாலோ, பின்னால் வருகிறவர் நின்றே ஆகவேண்டும். நிற்காதவனை இந்த ஊரில் சாகும்வரை மன்னிக்க மாட்டார்கள்.

அவனுக்கு முகம் இல்லை. தொப்பிக்குக் கீழே வெள்ளையாக இருந்தது. பனி ஒட்டியிருக்கும் என்று தேற்றிக்கொள்ளும்போதே, வண்டியின் கண்ணாடிக்கு உள்ளே ஒரு கை அடித்து அடித்து விழுவதைப் பார்த்துவிட்டாள்.

"நிறுத்துடா! உள்ள ஆள் இருக்கு!"

"பச்சை காட்டுறான்கா."

"கண்ணாடியத் தட்டுதுடா!"

"டாட்டா காட்டியிருப்பாங்க. இப்ப நின்னா எல்லாம் போச்சு." அவன் தலையை ஆட்டிவிட்டு வேகத்தைக் கூட்டினான்.

கைப்பிரேக் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. துயிரே அதை இழுக்கவில்லை. தம்பி ஜெயிக்கவேண்டும் என்று அவளுக்கும் ஆசை. அந்த ஆசைதான் கையைப் பிடித்துக்கொண்டது. வெட்கமாக இருந்தது. முன்னால் சாலை வெறிச்சென்று கிடந்தது. தடம் அந்த வண்டியோடு முடிந்துபோயிருந்தது. அவள் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

"அடுத்து என்ன? அக்கா! வளைவு எந்தப் பக்கம்?"

மடியில் வளைவுகளைக் குறித்துவைத்த தாள். கண் எழுத்தில் நிற்கவில்லை.

மரம்.

பிறகு நிசப்தம். இன்ஜின் சூடு ஆறும் டிக் டிக் சத்தம் மட்டும். கதவுக்கு வெளியே கைப்பிடி வரை பனி. பட்டையின் கொக்கி நசுங்கி, அசையவில்லை. இல்போவின் தலை ஸ்டீயரிங் மேல் கிடந்தது.

"இல்போ. டேய். விளையாடாத."

கழுத்தைத் தொட்டாள். நாடி இல்லை. அதைவிட, சூடே இல்லை. பல மணி நேரமாகக் கிடந்தவன்போல் சில்லிட்டிருந்தான். தலையில் தொப்பி இல்லை.

பின்னால் அடுத்த வண்டி வரும். அட்டையை யாரும் காட்டவில்லை, அதனால் நின்றே ஆகவேண்டும். அதையே மந்திரம்போல் முணுமுணுத்தாள். கதவுப் பையில் இருக்கும் அட்டையைச் சிவப்புப் பக்கமாகக் கண்ணாடியில் வைக்கலாம் என்று கையை விட்டுத் துழாவினாள்.

பை காலியாக இருந்தது.

வெளிச்சம் வந்தது. வெளிச்சத்துக்கு எதிரே ஒருவன் முதுகைக் காட்டி நின்றிருந்தான். குஞ்சம் வைத்த தொப்பி. உயர்த்திய கை. தலைக்கு மேலே முனை முறிந்த மரம்.

அவள் கத்தினாள். கண்ணாடியை அடித்தாள். அடித்தாள்.

வந்த வண்டி வேகம் குறைந்தது. பச்சை சாப். ஓட்டுகிறவன் இல்போ, கன்னம் சிவந்து, உயிரோடு. அவனுக்கு அப்பால் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். வாய் அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று துயிரேவுக்குத் தெரியும். இல்போ தலையை ஆட்டப்போவதும் தெரியும்.

ஆட்டினான்.

வண்டி போய்விட்டது. மறுபடி இருட்டு. தூரத்தில் இன்னொரு வெளிச்சம்.

வெளியே நின்றவன், அது வருவதற்குள், மெல்ல அவள் பக்கம் திரும்பினான். தொப்பிக்குக் கீழே பனி. அட்டையைக் கண்ணாடியோடு ஒட்டி, அவளுக்கும் காட்டினான்.

பச்சை.