கழுத்தில் தொடங்கிய புண்

செவ்வாய், காலை 6.10. பண்ணை வீட்டு மாடியறையில் முதலாளியின் தங்கை இறந்து கிடந்தாள். கழுத்திலும் இடது தாடையிலும் கருகிய பொருக்குகள். மூன்று வாரம் அவற்றோடு போராடித் தோற்றவள். மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரைகள் அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருந்தன. பாவம், சண்டை போட அவளிடம் ஆளே இல்லை.

9.30. ஆய்வகத்துத் தாள் வந்தது: மாட்டம்மை. படித்த கையோடு முதலாளி தொழுவத்துக்கு ஓடினார். இரண்டு பசுக்களின் காம்பில் கொப்புளம். பால் கறப்பவளின் கட்டைவிரலிலும் கொப்புளம்.

"இந்தக் கையால என் தங்கச்சிக்குப் பால் கொண்டுபோயிருக்க. கொன்னுட்டியே! பதினோரு மணிக்குப் போலீஸ் வருது."

பதினோரு வருடமாக அங்கே உழைப்பவள் அவள்.

10.05. பசுக்களைப் பார்க்கக் கால்நடை டாக்டரம்மா வந்தார். பேசாத பிராணிகளோடு காலம் தள்ளியதில், கேட்பதைவிடப் பார்ப்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது. உள்ளே விட்ட முதலாளி, வாசல் கதவைக் கயிற்றால் இரட்டைச் சுருக்குப் போட்டுக் கட்டியதையும் பார்த்தார். பிறகு தொழுவத்துக்கு நடந்தார்.

"விரல்ல எப்ப வந்துச்சு?"

"முந்தாநாள், டாக்டரம்மா."

"காம்புல?"

"வெள்ளிக்கிழமை. அன்னைக்கே ஐயாகிட்ட சொன்னேன்."

"மாடிக்குப் போவியா?"

"படிவரைக்கும்தான். காய்ச்சின பாலை வெச்சுட்டு வந்துடுவேன். அவங்க மாட்டுப் பக்கமே வரக்கூடாதுன்னு ஐயாவுக்குக் கண்டிப்பு."

தீவனப் பெட்டியின்மேல் மடி துடைக்கும் துணி கிடந்தது. அதில் சாம்பல் நிற மயிர்.

"இதுல யார் படுக்கறது?"

"பூனைதான். பால் வாசனைக்கு வந்துடும். விரட்டி விரட்டி என் கைதான் ஓஞ்சுபோச்சு."

10.30. மாடியறை. உடலைத் துணியால் மூடியிருந்தார்கள். தலையணையின் இடப்பக்கத்தில் அதே சாம்பல் மயிர். ஜன்னலுக்கு வெளியே மொட்டையாய் அறுத்த புல்வெளி. கட்டிலுக்கடியில் பூனை பதுங்கியிருந்தது. கையுறை போட்டு இழுத்தார். முன்னங்காலில் மயிர் உதிர்ந்து, ஆறிக்கொண்டிருந்த பழைய புண். கழுத்தில் சிவப்பு நாடா. நாடாவின் இரட்டைச் சுருக்கு முடிச்சை டாக்டரம்மா சற்று அதிக நேரம் பார்த்தார்.

10.50. இருவரையும் கூடத்தில் உட்கார வைத்தார்.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு ஆகிடக்கூடாது. தங்கச்சிக்குப் புண் வந்து மூணு வாரம். மாட்டுக்கு நாலு நாள். இவளுக்கு ரெண்டு நாள். கடைசியா வாங்கினவ எப்படி முதல்ல கொடுத்திருப்பா?"

"மாட்டம்மைன்னு போட்டிருக்கே!" என்றார் முதலாளி.

"பேருலதான் மாடு இருக்கு. அதோட சொந்த வீடு வயலெலி. எலிக்கு ஒண்ணும் ஆகாது, சும்மா சுமந்துக்கிட்டுத் திரியும். போன மாசம் புல் அறுத்தீங்களே, எலியெல்லாம் எங்கே போச்சு?"

"தீவனக் கிடங்குக்குள்ள."

"அங்கே பூனை பிடிச்சது. எலி கடிச்ச இடத்துல பூனைக்குப் புண். ராத்திரி அவங்க கழுத்தோரம் படுத்துக்கிச்சு. பால் வழியா வந்திருந்தா கழுத்துல ஏன் தொடங்கணும்? பிறகு அந்தத் துணியில படுத்துச்சு, துணி மாட்டுக்குக் கொடுத்துச்சு, மாடு இவளுக்கு. பூனையோட பொருக்கையும் ஆய்வகத்துக்கு அனுப்பறேன். மலையைக் கெல்லி எலியைப் பிடிச்ச கதைன்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும், குற்றவாளி எலிதான்."

முதலாளியின் முகம் வெளுத்தது.

டாக்டரம்மா தயங்கினார். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கே மனமில்லை. "மாட்டையே அண்டவிடாத வீட்ல, பூனை எப்படி மாடிக்குப் போச்சு?"

பால் கறப்பவள் முந்திக்கொண்டாள். "தானா வந்துச்சு, டாக்டரம்மா. பூனைக்கு யார் வழி சொல்லணும்?"

முதலாளி அவளையே பார்த்தார். தீவனக் கூடையில் பூனையை வைத்து அவர் மாடியேறிய அன்று, கூடையை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

"பொய் சொல்றா" என்றார். "நான்தான் கொண்டுபோனேன். அந்த நாடாவைக் கட்டினதும் நான்தான். தனியா கிடக்கிறாளே, ஒரு துணை இருக்கட்டும்னு..."

வெளியே ஜீப் வந்து நின்றது. வாசலில் அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க முதலாளிக்குக் கை வரவில்லை. பால் கறப்பவள் போய், நோகாத கையால் அவிழ்த்துவிட்டாள்.