இடப்பக்கத்து ஆணி

மாசி பாதி கழிந்தும் வானத்திலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. கொட்டகையின் மண்தரை கால் வைத்த இடமெல்லாம் புழுதியாய்ப் பறந்தது. ஆனால் காரின் இடப்பக்கத்து மிதியடி மட்டும் ஈரமாக இருந்தது.

நவநீதகிருஷ்ணன் அதை எடுத்து முறுக்கினார். ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கும். விரல்களுக்கிடையே வழிந்து புழுதியில் விழுந்தது. கையை முகர்ந்து பார்த்தார். ரேடியேட்டர் தண்ணீர் என்றால் துரு வாடை அடிக்கும், பிரேக் ஆயில் என்றால் மீன் கவிச்சி அடிக்கும். இது இரண்டுமில்லை. வெயிலே படாத ஆழக் கிணற்றில், கடைசிப் படிக்கல்லில் பாசி அழுகிக் கிடந்தால் வருமே, அந்த வாடை.

“எங்கிருந்து வந்து தொலையறே?” என்று தண்ணீரையே கேட்டார். நேற்றும் இதையேதான் கேட்டிருந்தார்.

பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வைத்திருக்கிறவனுக்கு வெளியே ஒரு எதிரி வேண்டியதில்லை. அறுபதுகளில் கப்பலேறி வந்த சிவப்பு நிற ரெண்டு சீட்டு வண்டி அது. அதில் இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவாய் மூச்சு வாங்கினால்தான் என்ஜின் ஓடும். மாப்பிள்ளை வீட்டையும் பெண் வீட்டையும் ஒரே பந்தியில் உட்காரவைப்பது அதைவிடச் சுலபம். வயரிங் இன்னொரு கொடுமை: ஹாரனை அமுக்கினால் வைப்பர் ஆடியது, வைப்பரைப் போட்டால் விளக்கு அணைந்தது. எல்லாவற்றையும் நவநீதன் ஒருவழியாக மடக்கிவிட்டார். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டியே தலை நரைத்த மனுசன். இரும்புக்கும் மரத்துக்கும் அவர் பயந்ததில்லை.

மடங்காதது இடப்பக்கம் மட்டும்தான்.

வண்டியை விற்ற வெங்கடாசலம் ஓமலூர்ப் பக்கம் பெரிய தோட்டத்துக்குச் சொந்தக்காரர். கடலைக் கிடங்கின் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். சாவியைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “ஓட்டற பக்கம் என்ன வேணாப் பண்ணிக்குங்க. இந்தப் பக்கத்தை மட்டும் நோண்டாதீங்க.” நவநீதன் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். விற்கிறவன் எங்கே கை வைக்காதே என்கிறானோ அங்கேதான் துரு இருக்கும் என்பது பட்டறையில் சின்னப் பையனுக்கும் தெரியும்.

ஓட்டிப் பார்த்தபோது இடப்பக்கத்திலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. பழைய வண்டியில் சத்தத்தைத் தேடுவதுபோல எரிச்சலான வேலை உலகத்தில் இல்லை. காது வைத்தால் நின்றுவிடும், எழுந்தால் கேட்கும். கடைசியில் கதவை ஒட்டிய மரச்சட்டத்தில் அகப்பட்டது. அந்தக் கால வண்டி, தகரத்துக்குள்ளே மரம்தான் எலும்பு. ரெக்சினை உரித்ததும், சட்டத்தில் கொல்லன் அடித்த நாட்டு ஆணி ஒன்று, முழங்கை நீளத்தில் பாதி, கறுத்துப் போய்ச் செருகியிருந்தது.

“எந்தக் கத்துக்குட்டி பார்த்த வேலையோ” என்று காறித் துப்பினார். தேறிய ஆசாரி சட்டத்துக்கு போல்ட் போடுவான். ஆணியைச் சுற்றிக் கறுப்பாக நார் வேறு சுற்றியிருந்தது. துளை தேய்ந்துவிட்டால் ஆணி பிடிக்கச் சணல் நாரைச் சுற்றி அடிப்பது லாரிப் பட்டறை வழக்கம். அதே வேலை என்று நினைத்தார். பிடுங்கினார். நாரை மரச்சீவல் குப்பையோடு போட்டுக் கொளுத்தினார். எரிந்த வீச்சம் சணல் வீச்சமாக இல்லை, ஆனாலும் அவர் நின்று யோசிக்கவில்லை. ஆணியை மட்டும் டப்பாவில் போட்டு வைத்தார், பட்டறைக்காரன் ஆணியைத் தூக்கி எறிய மாட்டான் என்பதால்.

கீச்சுச் சத்தம் நின்றது. மறுநாள் காலையில் மிதியடி நனைந்திருந்தது.

அதன்பின் ஒவ்வொன்றாக வந்தது. புதிதாக ஸ்பிரிங் போட்ட இடப்பக்கத்து சீட்டு நடுவில் குழிந்து, அவர் கையால் தட்டித் தட்டி மேலே எழுப்பினாலும் மெல்ல, மிக மெல்ல, மறுபடி அமிழ்ந்தது. வலப்பக்கத்துக் கண்ணாடி தெளிவாக இருக்கும்போது இடப்பக்கத்துக் கண்ணாடியில் உள்பக்கமாகப் பனி படர்ந்தது. துடைத்தார். வேறு வேலை பார்த்துவிட்டுத் திரும்பினால், முகம் வைக்கும் உயரத்தில், ஒரு வட்டம் மட்டும் மறுபடி படர்ந்திருந்தது. அன்றைக்கு அவர் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை மகள் நித்யஸ்ரீ சேலத்திலிருந்து வந்தாள். அங்கே ஒரு ஜவுளிக் கம்பெனியில் டிசைன் போடுகிற வேலை. மனைவி வசந்தாமணி கண்ணை மூடிய பிறகு அவருக்கென்று இருந்த ஒரே உயிர் அவள்தான். நாளைக் காலை முதல் சவாரிக்கு அவளைத்தான் ஏற்றிப் போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஆசைக்காகவே இத்தனை மாசம் முதுகை ஒடித்தார்.

மத்தியானம் அவள் அரப்புத் தூள் போட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரக் கூந்தலோடு நேராகக் கொட்டகைக்கு வந்து, இடப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சீப்பால் சிக்கு எடுத்தாள். நவநீதனுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. என்ன காரணம் சொல்வார்? சீட்டு குழிகிறது என்றா?

“அப்பா, இந்தச் சீட்டு ஏன் இத்தனை சில்லுனு இருக்குது?”

“நிழல்ல நிக்குதல்ல கண்ணு.”

“மடியில ஆரோ உக்காந்திருக்கற மாதிரி கனமா இருக்குதுப்பா.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. “நான் ஊட்டுக்குப் போறேன். தலை வலிக்குது.”

இறங்கிப் போனவளின் வலது காலடி புழுதியில் உலர்ந்த தடமாகவும் இடது காலடி ஈரத் தடமாகவும் விழுந்திருந்தன. நவநீதன் அதைக் காலால் கலைத்தார்; சாயங்காலம்வரை மனசு கேட்காமல், கடைசியில் போனை எடுத்தார். அந்த ஓமலூர் மனுசனை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை.

“ஏனுங்க, எங்க ஒழுகுதுன்னு தெரிஞ்சே தலையில கட்டிட்டீங்களா? இடப்பக்கம் தெனமும் தண்ணி நிக்குது.”

 வெங்கடாசலம் மெதுவாகக் கேட்டார்: “ஆணியப் புடுங்கிட்டீங்களா?”

“துருப்புடிச்ச ஆணி. புடுங்காம?”

“அய்யோ சாமி.” குரல் உடைந்தது. “என்ற ஊட்டுக்காரி கலைமணிங்க. வண்டி கெணத்துல உழுந்துச்சு. நான் கதவத் தெறந்து நீந்தி வந்துட்டேன். அவ பக்கத்துக் கதவு தெறக்கல. வண்டியத் தூக்குன பொறகும் அவ எறங்கல, அந்தச் சீட்டுலயேதான் இருந்தா. வெளிய வர வேற ஒரு பொம்பள ஒடம்பு தேடுனா. பூசாரி அவ முடிய ஆணியில சுத்தி அடிச்சாரு. ஆரு முடியோ அவங்க அதுக்குள்ளயே இருப்பாங்க, வெளிய வர முடியாது. அந்த முடி இருக்குதுங்களா?”

 அன்று கொளுத்திய நாரின் தீய்ந்த வீச்சம் நவநீதனின் மூக்கில் மறுபடி ஏறியது.

“உங்க ஊட்ல பொம்பளப் புள்ளை இருக்குதுங்களா?”

“இருக்குது.”

“முடியத் தேடுங்க. இருட்டறதுக்குள்ள ஆணிய அடிங்க.”

சூரியன் அப்போதே தென்னை மட்டைகளுக்குக் கீழே இறங்கியிருந்தது. நவநீதன் முதலில் வீட்டுக்குத்தான் ஓடினார். நித்யா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்; போர்வை ஏறி இறங்கியது. “கண்ணு” என்றார். “உம்” என்றாள். அந்த ஒற்றை “உம்” போதும் என்று நினைத்து, கதவைச் சாத்திவிட்டுக் கொட்டகைக்கு ஓடினார்.

ஸ்விட்சைத் தட்டினார். கரண்ட் இல்லை. ஓட்டு இடுக்கில் வந்த கடைசி வெளிச்சத்தில் கார் பெரிதாகத் தெரிந்தது. கிணற்று வாடை இப்போது கொட்டகை முழுக்க இருந்தது, தொண்டைக்குள் வழவழவென்று இறங்கும் அளவுக்கு. எங்கோ சொட்டியது. நின்றது. சொட்டியது.

டப்பாவைக் கவிழ்த்தார். ஆணிகள் சிதறின. அந்த நாட்டு ஆணி கைக்கு வந்தது, பனிக்கட்டி மாதிரி.

இடப்பக்கத்துக் கதவைத் திறந்தார். சட்டத்துத் துளையிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஆணியை வைத்து, ஆணி பிடுங்கும் சுத்தியால் அடித்தார். பிடிக்கவில்லை. தளர்ந்து கீழே விழுந்தது. மறுபடி. மறுபடி விழுந்தது. தேய்ந்த துளை. நார் வேண்டும். அந்த நார் வேண்டும். குப்பை மேட்டில் அது சாம்பலாகி எத்தனை நாள்.

“முருகா, என்ற புள்ளைய விட்டுரு.” பயத்தில் அழுகையே வந்துவிட்டது.

அப்போது சீட்டின் குழியில் கை பட்டது. ஈரமாக, நீளமாக, சுருண்டு ஒரு கொத்து.

முடி.

தானே திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தார். எரித்தது எரியவில்லை என்று நினைத்தார். இருட்டில் பயந்தவன் எதை வேண்டுமானாலும் நம்புவான், அதுவும் அது அவனுக்கு வேண்டிய பொருளாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நவநீதன் கொத்தை எடுத்து, வாழ்நாளெல்லாம் சணலைச் சுற்றிய அதே லாவகத்தில் ஆணியில் இறுக்கிச் சுற்றினார். வைத்தார். அடித்தார்.

பிடித்தது.

அடித்தார். வண்டிக்குள் ஏதோ முனகியது. நிறுத்தவில்லை. அடித்தார். தலை மரத்துக்குள் அமிழும்வரை, மேலே ஒரு நூல்கூடத் துருத்தாமல், லாரிச் சட்டத்துக்கு அடிக்கிற அடி அடித்து முடித்துச் சுத்தியைத் தரையில் போட்டார்.

கசிவு நின்றது. சொட்டும் சத்தம் நின்றது. கிணற்று வாடைகூட மெல்ல விலகுவதுபோல இருந்தது. கதவைச் சாத்தினார், அவரே சரிசெய்த பூட்டு, சுகமாக விழுந்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார்.

கையில் அரப்பு மணத்தது.

மறுபடி முகர்ந்தார். அரப்பு. மத்தியானத்து அரப்பு. சிக்கு எடுத்த சீப்பு. சீட்டில் உதிர்ந்த முடி.

“ஏனுங்க.”

கொட்டகை வாசலில் நித்யா நின்றாள். தலை சாய்ந்திருந்தது. விரித்த கூந்தலிலிருந்து தண்ணீர் ஓடி, பாவாடை நனைந்து, காலடியில் புழுதி சேறாகிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

“ஏனுங்க, கதவத் தெறந்து உட்டுட்டீங்களா? எத்தனை வருசம் கூப்புட்டேன்.” சிரித்தாள். பற்களுக்கிடையே பச்சையாகப் பாசி.

அவருக்குப் பின்னால், காருக்குள், யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

திரும்பினார். இடப்பக்கத்துக் கண்ணாடி முழுக்கப் பனி. உள்ளேயிருந்து ஒரு உள்ளங்கை அதை வேகவேகமாகத் துடைத்தது. துடைத்த இடத்தில் ஒரு வாய் திறந்து மூடியது. கழுத்துவரை தண்ணீரில் நிற்பவள் கத்துகிற மாதிரி.

“அப்பா.”

கதவை இழுத்தார். திறக்கவில்லை. வலப்பக்கமாய்ப் பாய்ந்து உள்ளே விழுந்தார். சீட்டில் யாரும் இல்லை. குழி மட்டும். கண்ணாடியில் தட்டும் சத்தம் மட்டும். இருட்டில் சட்டத்தைத் தடவினார். ஆணித்தலை விரலுக்கு அகப்பட்டது. பிடிக்க இடமில்லை. நகத்தால் தோண்டினார். நகம் பிய்ந்தது. மரத்தைப் பறண்டினார்.

அவர் கையால் அடித்தது. நாற்பது வருசத்துக்கு அசையாது.

“அப்பா, தண்ணி ஏறுதுப்பா.”

வாசலில் நின்றவள் ஈரக் காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து வந்து, தரையில் கிடந்த ஆணி பிடுங்கும் சுத்தியைக் குனிந்து எடுத்து, புதுப்பெண் தாலியை நெஞ்சோடு பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்து நின்றாள்.