இதுபோல் மேலும் நாற்பத்தொன்று

குழாயைக் கழற்றிய பிறகும் இயந்திரம் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தது.

விடுமுறை நாளின் பிற்பகல், ஆளில்லாத அலுவலகம். ஆய்வறை மேசையில், குறைமாதக் குழந்தைகளுக்குச் சுவாசமூட்டும் வெள்ளைப் பெட்டி ஒருபுறமும், சோதனையின்போது குழந்தைக்குப் பதிலாகக் குழாயில் மாட்டப்படும் ரப்பர்ப் பை மறுபுறமும் கிடந்தன. குழாய் கழன்றால் அபாய மணி அலற வேண்டும். அலறவில்லை. சோதனைகளை வரிசையாக ஓட்டித் தேறாதவற்றைத் தெரிவிக்கும் நிரலின் அறிக்கையில், தொள்ளாயிரம் பச்சை வரிகளுக்கு நடுவே ஒரே ஒரு வரி சிவந்து நின்றது.

எதிர்பார்த்தது: அபாய மணி. நிகழ்ந்தது: மூச்சு.

நிரலாளன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த அறிக்கையைச் சீர்திருத்தியவன் அவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அது எவரும் படிக்காத நெடுங்கதையாக நீண்டு கிடந்தது. ஒன்றுபோல் தோன்றும் தோல்விகளில் முதலாவதை மட்டும் காட்டி, எஞ்சியவற்றை 'இதுபோல் மேலும் இத்தனை' என்ற ஒற்றை வரிக்குள் மடித்துவைத்தான். கைதட்டினார்கள், கோப்பை கொடுத்தார்கள், 'மடிப்பு மன்னன்' என்று பட்டமும் சூட்டினார்கள். எதையும் உற்றுப் பார்த்துப் பிழை பிடிப்பதால் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வாங்கிய சோதனையாளர் ஒருத்தி மட்டும் உதட்டைப் பிதுக்கினாள்.

"தம்பி, நீ அறிக்கையைத் திருத்தல. அதோட வாயைப் பொத்தியிருக்க."

"அக்கா, நாளுக்கு நாலு சிவப்பு பார்க்காட்டி உங்களுக்குத் தூக்கமே வராதே!"

"சிரி தம்பி. நல்லாச் சிரி."

பிறகு ஒரு நாள், 'இதுபோல் மேலும் நாற்பத்தொன்று' என்று வந்தது. மேசைக்கு அடியில் கம்பி ஒன்று தளர்ந்திருந்ததுதான் காரணம் என்று எல்லோரும் எழுந்து போனார்கள். நாற்பதுக்கு அதுதான் காரணம். நாற்பத்தோராவது வேறு. கழன்ற குழாயில் கசியும் காற்றையே மூச்சென்று நம்பி, மணியடிக்க மறந்திருந்தது இயந்திரம். மடிப்பை எவரும் பிரிக்கவில்லை. பெட்டி மருத்துவமனைக்குப் போயிற்று. பிறந்து பதினோரு நாளான ஒரு பெண் குழந்தைக்குக் குழாய் கழன்றது. மணி அடிக்கவில்லை.

பழி யார் தலையில் விழுந்தது? மணியைச் செய்தவர் தலையிலா? குறையை மடித்தவன் தலையிலா? இல்லை! ஒற்றை ஆளாக ஒன்பது தொட்டில்களுக்கிடையே ஓடித் தேய்ந்த செவிலியின் தலையில்! மணியை அவளே அணைத்துவிட்டுக் கண்ணயர்ந்தாள் என்றது விசாரணைக் குழு. நாளை தீர்ப்பு, அதோடு அவள் பிழைப்பும் போய்விடும். அவளைக் காக்கும் சாட்சி உலகில் ஒன்றே ஒன்று. அந்தப் பழைய அறிக்கை. போன வாரம் அவன் அதைப் பிரித்துப் பார்த்தான்; இயந்திரத்தின் குறையைச் சத்தமில்லாமல் சரிசெய்தான்; வாய் திறக்கவில்லை.

தொலைபேசி அதிர்ந்தது. மேலாளர்.

"என்னப்பா மன்னா, முடிஞ்சுதா? மூணு மணிக்குள்ள முழுப் பச்சையா வேணும். மெஷின்ல குறையே இல்லைன்னு குழு முன்னாடி வைக்கணும்."

"ஒண்ணு சிவப்பா நிக்குது சார். அப்புறம்... அந்தப் பழைய அறிக்கையில..."

"பழசை ஏன்பா கிளறுற? நீயும் புள்ளகுட்டிக்காரன். யோசிச்சு நடந்துக்கோ."

"சரி சார்."

எவ்வளவு எளிதாக வந்துவிட்டது அந்தச் 'சரி'!

இந்த முறை அவன் இயந்திரத்துக்குள் காற்று வரும் வழியையே இறுக மூடினான். கசிவதற்கு இனிக் காற்றே இல்லை. குளிர்சாதனத்தின் முனகலும் சுவர்க் கடிகாரத்தின் சொடுக்கும் தவிர வேறொன்றும் கேட்காத அந்த அறையில், தாழ்த்திய திரைகளின் இடுக்கில் நுழைந்த வெயில் கீற்றுகளாய்த் தரையில் கிடக்க, சூடேறிய ரப்பரின் வாடைக்கு அடியில் அவனுக்கு நன்கு பழகிய, ஆனால் இங்கே இருக்கவே கூடாத இன்னொரு வாடை மெல்லக் கசிவதை உணர்ந்தபடி, சோதனையை மறுபடி ஓட்டினான்.

எதிர்பார்த்தது: அபாய மணி. நிகழ்ந்தது: இன்னும் மூச்சு.

'இன்னும்' என்ற சொல்லை அவன் அந்த நிரலில் எங்குமே எழுதியதில்லை.

மின்னிணைப்பைப் பார்த்தான். கம்பிகளைப் பார்த்தான். எல்லாம் சரி. வேறு வழியில்லாமல் குனிந்து, மேசை விளிம்பில் தொங்கிய குழாயின் முனையைக் கன்னத்தருகே கொண்டுவந்தான்.

இளஞ்சூடு.

ஈரம்.

வேகமாக, மிகச் சிறிதாக, விட்டு விட்டு. பால் வாடை.

மணி இரண்டு ஐம்பத்தாறு. திரையில் இரண்டு கோப்புகள்: பழைய அறிக்கை, இன்றைய அறிக்கை. பழைய அறிக்கையை அனுப்ப ஒரு சொடுக்குப் போதும். செவிலி பிழைப்பாள், அவன் அழிவான். விரல் அதன்மேல் போய் நின்றது. முகம் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்தான். தன் வீட்டை நினைத்தான். தன் பெயரை நினைத்தான்.

விரல் விலகியது.

சோதனையை மீண்டும் ஓட்டினான். குழாயின் வாயில் வலது கட்டைவிரலை வைத்து அழுத்தினான்.

உள்ளிருந்து முட்டியது. சின்னதாக. மறுபடி. மறுபடி. அவன் பல்லைக் கடித்தான். இன்னும் அழுத்தினான். முட்டல் தளர்ந்தது. இடைவெளி நீண்டது.

நின்றது.

அபாய மணி அலறியது. அறையே அதிர்ந்தது. திரையில் கடைசிச் சிவப்பும் பச்சையாயிற்று. எதிர்பார்த்தது: அபாய மணி. நிகழ்ந்தது: அபாய மணி. அனைத்தும் தேறின.

இடது கையால் அறிக்கையை அனுப்பினான். போய்ச் சேர்ந்தது.

மூச்சு வாங்கியபடி கட்டைவிரலை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. இழுத்தான். வரவில்லை. மணி அலறிக்கொண்டே இருந்தது. குழாயினுள்ளே, பல் முளைக்காத ஈறுகள் இரண்டு அவன் விரலைக் கவ்விக்கொண்டு, பசியோடு, பொறுமையாகச் சப்பத் தொடங்கியிருந்தன.